கண்டதைக் கண்டார்க்கு உரைத்தல்

நூலொன்றற்கு மதிப்புரை எழுதுவோன் செய்யும் பணி யாதென்பது யாவர்க்கும் தெளிவு. அந்நூலைப் படியாதார்க்கு அதன் இயல்பை எடுத்துரைத்து, 'வாங்குக' என்றோ 'வாளா விடுக' என்றோ அவன் வழிகாட்டுகின்றான். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் அங்ஙனமே. இன்றைய மதிப்புரையைப் படித்தவர் நாளைய காட்சிக்குச் சீட்டு வாங்கலாம். தொலைக்காட்சியைப் பற்றி எழுதுவோன் நிலையோ வேறு. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு வந்த காட்சி எட்டரை மணிக்கு மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை இதழில் ஒருவன் அதனைக் குறித்து எழுதுகின்றான். கண்டவர்க்கு அவன் புதிதாகக் கூறுவது யாது? அவர் தாமே கண்டனர். காணாதார்க்குக் கூறுதலாற் பயன் என்னை? அவர் இனிக் காண்டற்கில்லை.

இவ்வினா வெறுஞ் சொல்விளையாட்டன்று. 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையினின்று பி.பி.சி. தனது தொலைக்காட்சி ஒளிபரப்பை முறையாகத் தொடங்கியது. அன்று தொட்டு, காட்சிகளைப் பதிந்துவைத்துக் காணுங் கருவிகள் இல்லங்களிற் புகுமளவும், ஏறக்குறைய நாற்பதாண்டுகள், இத்துறையில் எழுதினார் அனைவரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். இந்நாளில் வேண்டியதை வேண்டிய பொழுதிற் காணலாம் என்பது உண்மையே. ஆயினும் வினா தீர்ந்திலது. ஒருவர் நேற்றுக் கண்டதை மற்றொருவர் அடுத்த திங்களிற் காண்கின்றார் ஆதலின், யார்க்கு எழுதுவது என்னும் ஐயம் மிகுந்தே நிற்கின்றது. தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தாமாக ஓர் ஏடு நடத்த விழையும் மாணவர் எம் கல்லூரியிற் சிலர் உளராதலின், அவர்க்குப் பயன்படும் எனக் கருதி இதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

எம் கருத்தில் விடை இது: அவன் கண்டார்க்கே எழுதுகின்றான். ஒரே காட்சியைத் தத்தம் இல்லத்திலிருந்து தனித்தனியே கண்ட பலருள் மறுநாள் முதலில் வாய்திறப்பவன் அவன். அவன் கூறுவதைக் கேட்போர் ஒவ்வொருவரும் அவனைப் போலவே கண்ணாற் கண்ட சான்றாவர். ஆதலின் அவனை மறுக்கும் உரிமை அவர் அனைவர்க்கும் உண்டு. ஏட்டை நடத்துவதும் வாசகரைப் பிணிப்பதும் ஆகிய இரண்டும் இவ்வொன்றை மறவாமையிலேயே அடங்கும்.

இதனை நன்கறிந்து எழுதியவருள் ஒருவர் கிளைவ் ஜேம்ஸ். ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் 1939இற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய அவர், 1972 முதல் 1982 வரை 'அப்சர்வர்' என்னும் ஞாயிற்றுக்கிழமை இதழில் தொலைக்காட்சியைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அக்கட்டுரைகள் பின்னர் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுட் பேசப்படும் நிகழ்ச்சிகளுட் பெரும்பாலன எம்மனோர் கண்டறியாதன. எனினும் அக்கட்டுரைகள் இன்றும் சலிப்புத் தருவதில்லை. காரணம் யாதெனின், அவர் உயர்ந்தது தாழ்ந்தது என்று வரம்பு கட்டிக்கொண்டு காணவில்லை. சேக்சுபியர் நாடகத்தைக் கண்ட அதே கூர்ங்கண்ணால் விளையாட்டு வருணனையாளரின் சொற்றடுமாற்றத்தையும், 'டல்லாஸ்' என்னும் அமெரிக்கத் தொடரின் பகட்டையும் கண்டார். அத்தொடரை நாட்டார் பலர் கள்ளத்தனமாகச் சுவைத்து வெளியே பழித்துக்கொண்டிருந்தனர். அவரோ தாம் காண்பதை ஒளித்திலர். நகைத்துக்கொண்டே கண்டார், கண்டுகொண்டே நகைத்தார். வாசகன் அவரிடம் தன் தோழனைக் கண்டான்.

அவர்க்குச் சற்று முன்னர், 1968 முதல் 1972 வரை, 'லிசனர்' என்னும் பி.பி.சி. வார இதழில் திங்கட்கொரு முறை எழுதிவந்தவர் ரேமண்ட் வில்லியம்ஸ். இவர் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் நாடகமும் பயிற்றிய பேராசிரியர். இவர் கண்ட பொருள் வேறு வகைத்து. கடற்பயணம் முடித்து அமெரிக்காவின் மயாமி நகரிற் கரையேறிய இரவு அவர் ஒரு திரைப்படத்தைத் தொலைக்காட்சியிற் காண அமர்ந்தார். இடையிடையே விளம்பரம் வந்தது; பிறிதொரு நாளில் வரவிருக்கும் வேறு படங்களின் துண்டுகளும் வந்தன. எது எதனைச் சேர்ந்தது என்பது விளங்காமல் அவர் மயங்கினார். அம்மயக்கத்தையே பொருளாகக் கொண்டு, தொலைக்காட்சியின் இயல்பு தனித்தனி நிகழ்ச்சிகளில் இல்லை, அவை இடையறாது ஒன்றையொன்று தொடர்ந்து வரும் ஒழுக்கில் உள்ளது என்று 1974இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். எல்லாரும் கண்டு, ஒருவரும் சொல்லாது விட்டதொன்றை அவர் சொன்னார். இதனினும் நன்றாக வாசகனைத் தலைநிமிரச் செய்வது வேறொன்றும் இல்லை.

தமிழிலும் இவ்வகை எழுத்திற்கு முன்னோர் உளர். தொலைக்காட்சி வருமுன்னரே 'கல்கி' அவர்கள் 'ஆனந்த விகடன்' இதழில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிக் கச்சேரிக்குச் சென்றாரையும் செல்லாதாரையும் ஒருங்கே வாதிடச் செய்தார். இன்னும் பின்னோக்கிச் செல்லின், எம் பாடப்பகுதியாகிய உரைகளையே காட்டலாம். உரையாசிரியர் நூற்பாவைக் கற்பவன் கையில் நூல் உளதெனக் கொண்டே எழுதுகின்றார். இளம்பூரணர் ஒன்றுரைப்பார், நச்சினார்க்கினியர் அதனை மறுத்துப் பிறிதுரைப்பார், இருவரையும் ஒருங்கு வைத்துக் கற்கும் மாணவன் மூன்றாவதாக ஒன்று நினைப்பான். நூற்பாவை மீளச் சொல்லி விடுதல் உரையன்று என்பது அவர்கள் துணிவு.

ஏடு நடத்தும் இளைஞர் முதலில் விலக்கவேண்டுவதும் அதுவே. பள்ளிப் பருவத்தே கதைச்சுருக்கம் எழுதிப் பழகிய கை, தொடரொன்றைக் கண்டதும் தானாகவே சுருக்கம் எழுதத் தொடங்குகின்றது. 'முதற்கண் நாயகி ஊருக்கு வருகின்றாள், பின்னர் அவள் தமையன் சினம் கொள்கின்றான்' எனப் பக்கம் நிறைகின்றது. கண்டவர் இதனை ஏன் படித்தல் வேண்டும்? ஒரே காட்சியை எடுத்துக்கொள்க. அதில் நடிகர் எங்கே நின்றார், கதவு திறந்திருந்ததோ, பேச்சு நின்றபின் எத்துணை நேரம் அமைதி நிலவியது என்பவற்றை நினைவிற் பிசகாது குறித்து, அது ஏன் அவ்வாறு அமைந்தது என வினவுக. நினைவு பிசகின் வாசகர் மன்னியார், அவரும் சான்றல்லரோ? இதனால் நேரும் நன்மை பெரிது. பிழை பிடிக்கும் வாசகர் ஈண்டு உறக்கத்தில் இல்லை என்பதை எழுதுவோன் ஒருநாளும் மறத்தற்கியலாது.

இனி, வாசகரை எழுதச் செய்தல் எவ்வாறு? இதற்கு அமெரிக்க நாட்டார் ஒருவகையில் வழிகாட்டிகள் ஆவர். 1926இல் தோன்றிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் அறிவியற்கதை இதழ் வாசகர் கடிதங்களை அவர்தம் முழு முகவரியோடு வெளியிட்டது. (இந்நாளில் அங்ஙனம் வெளியிடுதல் தகாது, அந்நாளிற் பெருந்தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை.) முகவரி கண்டவர் ஒருவர்க்கொருவர் எழுதினர், பின் கூடினர், பின் தாமே சிறு ஏடுகளை உருட்டச்சிற் படியெடுத்து அஞ்சலில் விடுத்தனர். 1930 முதல் இவ்வழக்கம் பரவிற்று. அவ்வேடுகளிற் பலவற்றிற்கு விலை காசு மட்டுமன்று. இதழைப் படித்துக் கருத்தெழுதி அனுப்புவோர்க்கு அடுத்த இதழ் இலவசமாகச் செல்லும். கடிதமே சந்தா! இவ்வேற்பாட்டை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மேலிடுகின்றது. காசு கொடுத்தவன் படிக்கலாம், படியாதும் விடலாம். கடிதம் கொடுப்பவன் படித்தே தீரவேண்டும்.

இம்மரபில் வளர்ந்தவர்களே தொலைக்காட்சித் தொடர்க்கும் ஏடு தொடங்கினர். 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் என்.பி.சி. நிறுவனத்தால் ஒளிபரப்பப்படலாயிற்று. ஓராண்டில், 1967 செப்டம்பரில், 'ஸ்பாக்கனேலியா' என்னும் ஏடு நியூயார்க்கிலிருந்து வெளிவந்தது. டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்போர்டு என்னும் பெண்மணியர் இருவர் அதன் ஆசிரியர்கள். அத்தொடரில் ஸ்பாக் என்னும் பாத்திரமாக நடித்த லெனார்டு நிமாயின் கடிதமொன்று முதலிதழிலேயே இடம் பெற்றது. வீட்டிலிருந்து படியெடுத்த ஏட்டை, நடிகரும் படித்து மறுமொழி விடுத்தனர் என்பது கருதத்தக்கது.

அவ்வாண்டின் இறுதியில் தொடர் நிறுத்தப்படும் என்னும் செய்தி பரவியது. பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்னும் தம்பதியர் நாடெங்குமுள்ள சுவைஞர்க்கு எழுதி, நிறுவனத்திற்குக் கடிதம் விடுக்குமாறு வேண்டினர். அச்சிட்ட படிவத்தில் ஒப்பமிட்டு அனுப்பற்க, தத்தம் சொல்லில் தாமே எழுதுக என்பது அவர் விதித்த நெறி. ஓராயிரம் படிவங்களை ஒரு மூட்டையாகக் கருதி ஒதுக்கலாம். ஓராயிரம் தனிக்கடிதங்களை அங்ஙனம் ஒதுக்குதல் அரிது. கடிதங்கள் இலட்சத்தைக் கடந்தன. 1968 மார்ச்சு 1ஆம் நாள் நிகழ்ச்சி முடிந்தவுடன், தொடர் மீண்டும் வரும் என்று நிறுவனமே திரையில் அறிவிக்க நேர்ந்தது. அவ்வெற்றி நெடிது நிற்கவில்லை என்பதையும் கூறல்வேண்டும். மூன்றாம் பருவம் காண்பார் குறைந்த வெள்ளியிரவிற்கு ஒதுக்கப்பட்டது. 79 பகுதிகளோடு 1969 சூனில் தொடர் முடிவுற்றது. தொடர் நின்றபின்னரும் ஏடுகள் நின்றில, அவை பெருகின.

நம் நாட்டிலும் கடிதம் பெற்ற தொடர் உண்டு. 1984 சூலை 7 முதல் 1985 டிசம்பர் 17 வரை தூர்தர்ஷனில் 156 பகுதிகளாக வந்த 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடருக்கு ஏறத்தாழ 4 இலட்சம் கடிதங்கள் வந்தன என்பர். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் காண்போரோடு நேரே பேசுவார். அத்தொடரில் பாகவந்தி என்றொரு தாய். அடங்கி ஒடுங்கி வருந்தும் பெண்ணின் நிலை இரங்கத்தக்கது என்பதைக் காட்டவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. கண்டோருட் பலரோ அவளை இரங்கத்தக்கவளாகக் கொள்ளாது, போற்றத்தக்கவளாகவே கொண்டனர். படைத்தோர் கருத்து ஒன்று. கண்டோர் கொண்டது பிறிதொன்று. கண்டோர் வாய் திறந்து கூறாதிருந்தால் இவ்வேறுபாடு எங்ஙனம் புலப்படும்? 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியும் 'எதிரொலி' என்னும் நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களைப் படித்து விடை கூறிவந்ததை எம் ஆசிரியர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். காட்சியைப் பற்றிய கடிதமே ஒரு காட்சியாயிற்று.

எம் விடுதியில் யாம் நண்பர் சிலரோடு நடத்திவரும் கையெழுத்து ஏட்டில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். ஒவ்வோர் இதழின் இறுதியிலும் வாசகர் எழுதுதற்கென எட்டுப் பக்கங்களை வெறிதே விடுதல் எம் வழக்கம். இரண்டாம் இதழில் நண்பரொருவர் மாலைத் தொடர்களை எள்ளிக் கட்டுரை வரைந்தார். ஒரு முகத்தை மும்முறை காட்டுதல், மும்முறையும் இடியோசை எழுப்புதல், உள்ளே நுழைவார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளித்தல் என இவற்றையெல்லாம் அவர் நயம்பட நகையாடியிருந்தார். விடுதி முழுதும் அதனைப் படித்து நகைத்தது. ஒரு வாரங் கழித்து, இறுதிப் பக்கங்களில் முதலாண்டு மாணவர் ஒருவர் பெயரிடாது எழுதியிருந்தது வருமாறு:

"என் தாயார் பீடி சுற்றுகின்றார். சுளகு மடியில் இருக்கும். கண் இலையின்மேல் இருக்கும். செவி மட்டும் தொலைக்காட்சியின்பால் இருக்கும். இடி முழங்கும்போதுதான் தலை நிமிர்ந்து பார்ப்பார். முதல் இடிக்கு நிமிர்வதற்குள் முகம் போய்விடும். மூன்று முறை காட்டுவதனாலேயே ஒரு முறையேனும் அவர் காண்கின்றார். கட்டுரை ஆசிரியர் கைவேலை இல்லாது அமர்ந்து கண்டிருப்பார் என்று நினைக்கின்றேன்."

எட்டு வரியே ஆயினும், அவ்விதழில் வந்தவற்றுட் சிறந்தது இதுவே என்பது எம் துணிபு. நகையாடிய நண்பர் இதனைப் படித்துச் சினந்திலர்; வாளாவிருந்தாரும் அல்லர். ஒரு வாரம் அத்தொடர்க்குப் புறங்காட்டி அமர்ந்து, செவியால் மட்டும் கேட்டார். கேட்டு, எவையெவை விளங்கின என்று அடுத்த இதழில் எழுதினார். ஏறக்குறைய யாவும் விளங்கின! பெயர் சொல்லி விளிப்பதன் காரணம் அப்பொழுதே தமக்குத் தெளிவாயிற்று என்று அவர் குறித்துள்ளார். இதனைப் படித்தபின் யாம் வரலாற்றைத் துருவியபோது, இத்தொடர்கள் வானொலியின் வழித்தோன்றல்கள் என்பதை அறிந்தோம். அமெரிக்க வானொலியில், பகற்பொழுதில் இல்லத்து வேலை செய்யும் மகளிர் கேட்டற்பொருட்டு, சோப்பு வணிகர் பொருளுதவியால் 1930ஆம் ஆண்டுகளில் இவை பெருகின. 'கைடிங் லைட்' என்னும் தொடர் 1937இல் வானொலியிற் பிறந்து, 1952இற் தொலைக்காட்சிக்குப் பெயர்ந்து, 2009 வரை நின்றது. வேலை செய்யும் கையினர்க்கென்று தோன்றிய கலை, வேலை செய்யும் கையினரை இன்னும் மறந்திலது. எந்நூலும் கற்பியாத இதனை ஒரு பீடித் தொழிலாளியின் மகன் எமக்குக் கற்பித்தார்.

வாசகர்க்கு மறுமொழி கூறுவதிலும் சில காணத்தக்கன. 'நன்று, நன்று' என்று மட்டும் எழுதுவோர்க்கு நன்றி ஒரு வரியிற் போதும். மறுத்தெழுதுவோர்க்கே இடம் மிகுதியாக வேண்டும். அவர் சொற்களை முழுதும் வெளியிட்டு அதன்கீழ் விடை கூறுக; பாதியை வெட்டிப் பாதிக்கு விடை கூறுதல் முறையன்று. எழுதாது படிப்போரே என்றும் மிகுதி என்பதும் நினைவில் நிற்க. அவரை 'ஏன் எழுதவில்லை' எனக் கடிந்து தலையங்கம் வரைதல் சில ஏட்டாசிரியர்க்கு வழக்கமாய் இருக்கின்றது. பிச்சைப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே வைது நிற்பது போன்றது இது. விடை காணாத வினா ஒன்றைக் கட்டுரையின் நடுவே விட்டுச் செல்லின், எழுதுவோர் தாமே எழுதுவர். முடிவை முன்கூட்டி உடைத்தலைப் பற்றி எமக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. தொடரின் முடிவைப் பேசும் பக்கத்தை மடித்து ஒட்டி, 'கண்டவர் பிரிக்க' என மேலே எழுதிவைப்பது இப்போதைக்கு யாம் கண்ட ஏற்பாடு. காணாதவரே முதலிற் பிரித்தனர் என்று வாசக அறைப் பொறுப்பாளர் கூறுகின்றார்.

இத்துணை முயற்சியும் பொழுதுபோக்கன்றோ என்பார்க்கு ஒன்று கூறுவோம். பி.பி.சி. 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரின் பழைய பகுதிகளை அந்நிறுவனமே, நாடாக்களை மீண்டும் பயன்படுத்தற்பொருட்டும் இடம் காணற்பொருட்டும், அழித்துவிட்டது. 1960ஆம் ஆண்டுகளுக்குரிய பகுதிகளுள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றின் படம் இன்றுவரை கிடைத்திலது. ஆயினும் அவை ஒவ்வொன்றின் ஒலியும் உளது. அந்நாளில் அதனைக் கண்ட இளைஞர் சிலர் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சியின் முன் வைத்துத் தமக்கெனப் பதிந்திருந்தனர். ஜான் கூரா என்னும் புகைப்படக்காரர், திரையில் ஓடும் காட்சிகளைப் படம் பிடித்து நடிகர்க்கும் இயக்குநர்க்கும் விற்றுவந்தார். அப்படங்களும் பல உள. அவ்வொலியையும் படங்களையும் இணைத்தே, மறைந்த பகுதிகளை இன்று ஒருவாறு மீட்டுக் காண்கின்றனர். படைத்த நிறுவனம் எறிந்ததைக் கண்டவர் காத்தனர். நம் ஊர்த் தொடர்களுள் எவை எவ்விடத்தே காக்கப்படுகின்றன என்று கேட்பார் இலர். ஒரு தாய் சுளகின்மேற் கையோடு எதனைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார் என்பதைக் காக்கும் பெட்டகம் எந்நிலையத்திலும் இருத்தற்கில்லை. அது கையெழுத்தில் எம் ஏட்டின் இறுதிப் பக்கத்தில் உளது.

நான்காம் இதழ் இப்பொழுது விடுதி வாசக அறையில் வைக்கப்பட்டுள்ளது. அதன் எட்டுப் பக்கங்களுள் மூன்று நிறைந்துவிட்டன. எழுதுகோல் நூலிற் கட்டித் தொங்குகின்றது. மை தீர்ந்தால் பொறுப்பாளரிடம் கேட்டுப் பெறலாம்.